பூனையின் உணவை மாற்றும் நாளில் ஊசியின் அளவையும் கேளுங்கள்

“மாவுச்சத்து குறைந்த உணவாகக் கொடுங்கள்” என்று சொல்லி, சர்க்கரை நோய் வந்த என் பூனை முத்துவுக்கான சீட்டை நீட்டினார் மருத்துவர். அதோடு பேச்சு முடிந்தது. குறைந்தது என்றால் எவ்வளவு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, உணவு மாறினால் இன்சுலின் அளவு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடைசிக் கேள்வியை நானும் கேட்காமல் வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழிந்தும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

முத்துவுக்கு வயது 11, எடை 7 கிலோ. ஓயாமல் தண்ணீர் குடித்தான், மணல் தட்டு தினமும் கட்டிகட்டியாக நனைந்தது, பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய நடந்தான். சர்க்கரை நரம்பைத் தொட்டிருப்பதன் அடையாளம் அந்த நடை. காலையும் மாலையும் 12 மணி நேர இடைவெளியில் 2 யூனிட் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போடுவதற்குப் பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் கை பழகிவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து, 100 யூனிட் உள்ள மருந்து என்று இருவகை உண்டு. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என்னை அலைக்கழித்தது உணவுதான். முதலில் வாங்கியது ‘தானியம் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட உலர் உணவு மூட்டை. பத்து நாள் கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை. பிறகுதான் மூட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். அரிசியும் கோதுமையும் இல்லை, உண்மைதான். அவற்றின் இடத்தில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருந்தன. இரண்டுமே மாவுச்சத்துதானே! ஊனை மட்டுமே உண்டு வாழப் பிறந்த உயிர் பூனை. ஒரே நேரத்தில் வந்து சேரும் சர்க்கரையைக் கையாளும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு.

மாவுச்சத்தின் அளவைப் பெரும்பாலான உறைகளில் அச்சிடுவதில்லை. நாமே கணக்குப் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. என் மூட்டையில் 34, 14, 4, 8, 7. மிச்சம் 33. அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம், நான் அப்படித்தான் ஏமாந்தேன். அடுத்து வாங்கிய கிரேவி டப்பாவில் மிச்சம் வெறும் 5.5 என்று வந்ததும் மகிழ்ந்து ஒரு பெட்டி நிறைய வாங்கிவிட்டேன். அந்த டப்பாவில் 80 பங்கு தண்ணீர் என்பது உறைக்கவில்லை. பார்க்க வேண்டியது கலோரியில் அதன் பங்கு. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள். 9 புரதம், 3 கொழுப்பு, 5.5 மாவுச்சத்து என்றால் மொத்தம் சுமார் 76 கலோரி, அதில் 19 மாவுச்சத்திலிருந்து வருகிறது. கால் பங்கு! அந்தக் கொழகொழப்பே மாவு போட்டுத்தான் வருகிறது. கிரேவி இல்லாமல் கூழாக அரைத்த இறைச்சி டப்பாவில் அதே கணக்கு 7 விழுக்காடு காட்டியது. 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்ற அளவுகோலுக்கு அது பொருந்தியது.

சரியானது கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் மூன்றே நாளில் முழுவதும் மாற்றினேன். ஊசி மட்டும் பழைய 2 யூனிட்டாகவே போய்க்கொண்டிருந்தது. நான்காம் நாள் பின்னிரவில் முத்து எழுந்து நடக்க முயன்று பக்கவாட்டில் சரிந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. காதில் குத்தி மீட்டரில் சர்க்கரையைப் பார்த்தேன்: வெறும் 41. மாவுச்சத்து வந்துகொண்டிருந்தபோது அதை அடக்கக் கொடுத்த மருந்து, அது நின்றபிறகு ரத்தத்தில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் துடைத்துவிட்டது. விரலில் தேன் தொட்டு ஈறுகளில் தேய்த்தேன். சரிந்து கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஈறில் தேய்த்தாலே போதும், தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். விடியும்வரை அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தான்.

“உணவை மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டும் என்று தெரியாதா?” என்று அங்கிருந்தவர் கேட்டார். யார் சொன்னார்கள் எனக்கு? உணவு மாற்றத்தையும் ஊசியையும் ஒரே சீட்டில் எழுதுகிறவர்கள் இதையும் அதே சீட்டில் எழுதியிருக்க வேண்டாமா? மாற்றத் தொடங்கும் முன்பே மருத்துவரை அழைத்து, புதிய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், பழைய அளவிலேயே தொடரவும் வேண்டாம்.

வீட்டிலேயே சோதிப்பது கட்டாயம் என்பதும் அன்று புரிந்தது. மருத்துவமனையின் பயமே பூனைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். அங்கே 390 காட்டிய அதே நாளில் வீட்டில் 260. முதல் வாரம் எனக்குக் காதிலிருந்து ரத்தமே வரவில்லை. வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிடம் காதில் வைத்து, பின்னால் மடித்த பஞ்சைத் தாங்கலாகப் பிடித்து, ஓரத்து ரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் வரும். குத்தியதும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுப்பேன். இப்போது மீட்டரை எடுத்தாலே அவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். எனக்கு அது பெரிய வெற்றி. மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால் இடையில் மீட்டரை மாற்றாதீர்கள்.

அளவு 1 யூனிட்டாகி, பிறகு அரை யூனிட் ஆனது. நடுவில் ஒரு வாரம் காரணமே இல்லாமல் 300ஐத் தாண்டியது. இரண்டாவது பூனையின் தட்டில் இருந்த உலர் உணவை இரவில் தின்றிருக்கிறான். இருவருக்கும் டப்பா உணவே என்று முடிவு செய்தபின் அது நின்றது. புது உணவைத் தொடாத பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாவது பூனைக்குப் பழைய உலர் உருண்டைகளை இடித்து மேலே தூவினேன், நாளுக்கு நாள் தூவலைக் குறைத்தேன்.

ஊசியை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. குதிகால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. வாரம் ஒருமுறை குத்திப் பார்க்கிறேன், 80க்கும் 110க்கும் இடையில் நிற்கிறது. ஸ்டீராய்டு மருந்து இதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்பதால், போன வாரம் பல் பரிசோதனைக்குப் போனபோது அவனுடைய கோப்பின் முதல் பக்கத்தில் ‘சர்க்கரை நோய் இருந்தது, ஸ்டீராய்டு கொடுக்கும் முன் கேட்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை மேசையைவிட்டு நகரவில்லை.