ஆம்பல்: பிறப்புச் சான்றிதழில் ஒரு நெடில்

மகள் பிறந்த மூன்றாம் நாள், டிஸ்சார்ஜுக்கு முன்னால் மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குழந்தையின் பெயருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டோம். அவசரத்தில் ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் மாற்ற அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்க வழி இருக்கிறது. அந்த அவகாசம் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது.

பெயர் என் மனதில் முன்பே இருந்தது. ஏழாம் மாதத்தில், அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து குறிஞ்சிப்பாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் 99 பூக்களில், செங்காந்தளுக்கு அடுத்ததாக நிற்கிறது ஆம்பல். நாம் இன்று அல்லி என்று சொல்லும் நீர்ப்பூ. தாமரை இலை தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும், ஆம்பல் இலை தண்ணீரோடு படிந்து கிடக்கும். வெள்ளாம்பல் மாலையில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்போது கூம்பிவிடும். பழந்தமிழில் ஒரு பேரெண்ணுக்கும் ஆம்பல் என்றுதான் பெயர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கண்ணன் ஊதுவது ஆம்பல் குழல். பூ, எண், இசை மூன்றும் ஒரே சொல்லில் இருந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. "அம்பாளா?" என்று கேட்டார் நாத்தனார். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி மட்டும்தான் கேட்ட உடனே முகம் மலர்ந்தார். அவர்கள் மொழியில் அந்தப் பூவுக்கு இன்றும் ஆம்பல்தான் பெயர். இந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்குப் பார்க்க எனக்கு வழியில்லை. அமெரிக்காவில் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்கு வைத்த பெயர்கூட அரசுப் பட்டியலில் வந்துவிடும், நமக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. தடுப்பூசி போடப் போன இடத்தில் அத்விகாவும் ஆத்யாவும் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். ஆம்பல் ஒருத்திதான்.

மாமியாருக்கு நட்சத்திர எழுத்துதான் கவலை. குழந்தை சுவாதி, ரு, ரே, ரோ, தா என்றுதான் தொடங்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. தொட்டிலில் இடும் நாளில் காதில் மூன்று முறை சொல்ல ருக்மணி என்று அவருடைய அம்மா பெயரையே வைத்துக்கொண்டோம். அவர் கண் கலங்கிவிட்டது.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று. புறநானூற்றின் 248ஆம் பாட்டை அதன்பிறகுதான் படித்தேன். இளம் வயதில் தழையாடையாக உடுத்த வெள்ளாம்பல், கணவன் இறந்த பின் வேளை தப்பி உண்ணும் புல்லரிசியாகிவிட்டதே என்று ஒரு பெண் வருந்துகிறாள். இப்படி ஒரு துயரம் ஒட்டிய சொல்லையா என் பெண்ணுக்கு வைப்பது? இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பின்னி மில்லில் வேலை பார்த்தவர், ஐந்தாவது வரைதான் தமிழ் படித்திருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தார்: "அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்…" மூதுரை. குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும். கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அந்தக் குளத்தோடே ஒட்டிக் கிடக்கும், அதுதான் உறவு என்கிறார் ஔவை. "ஒட்டி இருக்கிறவம்மா அவ. இதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?" என்றார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மூன்றாம் மாதம் பெயர் சேர்க்கப் போனோம். கையில் எழுதிய விண்ணப்பம், மருத்துவமனைத் தாள்கள், எங்கள் இருவரின் ஆதார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், அப்பா பெயரை முழுதாகவே பின்னால் சேர்த்தோம். கர்நாடகத்தில் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். அங்கேதான் சிக்கல். இந்தப் பெயரில் முதல் எழுத்து குறுகினால் எல்லாமே போய்விடும். தமிழில் அம்பல் என்றால் ஊர் வாய்க்குள் முணுமுணுக்கும் பழிப்பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டால் அம்பாள். கன்னடத்தில் அம்பலி என்றால் கூழ். கவுன்ட்டரில் இருந்தவரிடம் இரண்டு 'ஏ' என்று சொல்லி, "நைதிலெ ஹூவு" என்று பூவையும் விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டினார்.

சான்றிதழ் கைக்கு வந்தபோது ஆங்கிலம் சரியாக இருந்தது. கன்னடத்தில் 'அம்பல்'. படியிலேயே நின்று அழுதுவிட்டேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் பாஸ்போர்ட் எடுக்கவும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம். இதில் நுழைந்த பிழை ஒவ்வொன்றிலும் தொடருமே! அன்றே திருத்த விண்ணப்பம் கொடுத்தோம். இந்த முறை கன்னடத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, முதல் எழுத்தின் கீழே கோடு போட்டு, விண்ணப்பத்தோடு இணைத்தேன். முதல் தடவையே இதைச் செய்திருக்க வேண்டும். உங்களுக்குக் கன்னடம் எழுத வராவிட்டால் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். அச்செடுக்கும் முன் திரையை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். மூன்று வாரமும் மூன்று நடையும் ஆயின, சரியான சான்றிதழ் வந்தது.

ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீல ஆதாருக்கு ரேகைப் பதிவு இல்லை, அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் அங்கேயும் ஆங்கிலத்தில் அடித்ததும் கன்னடம் தானாக வந்து விழுகிறது. எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் சரி என்றேன்.

கீழ் வீட்டுக் கன்னடப் பாட்டி தினமும் சாயங்காலம் வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "ஆம்பலூ, பா கந்தா." கடைசியில் ஓர் உகரம் அவராகச் சேர்த்துக்கொண்டது. முதல் எழுத்தை நன்றாக நீட்டித்தான் சொல்கிறார். இவளும் தவழ்ந்து வாசலுக்குப் போய்விடுகிறாள்.