பாட்டி வீட்டுக் குழாய்க் கிணறும் நீல ஒளியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் பாட்டி வீடு. புழக்கத்துக்கெல்லாம் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். இறைத்தவுடன் பளிங்கு மாதிரி இருக்கும், சாயங்காலம் வரை வாளியில் விட்டால் பழுப்பாகி அடியில் செந்தூள் படிந்துவிடும், அக்கா மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. அதனால்தான் இறுதியாண்டு ஆய்வுக்கு, இரும்பைக் கண்டால் ஒளி மங்கும் கார்பன் டாட்டை (புற ஊதா பட்டால் ஒளிரும் நுண்ணிய கார்பன் துகள்) எடுத்துக்கொண்டேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டு மாதம் போனது தயாரிப்பில் இல்லை, தண்ணீர் பிடித்து வருவதில்.

தயாரிப்பு 2013-இல் வெளிவந்த முறைதான். சிட்ரிக் அமிலம், எத்திலீன்டயமீன், தண்ணீர் மூன்றையும் டெஃப்லான் குடுவை வைத்த எஃகுக் கலனில் இறுக மூடி, 200 டிகிரியில் 5 மணி நேரம். கிடைக்கும் பழுப்புக் கரைசலை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பையில் கட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்: கூடவே உருவாகும் சிறு மூலக்கூறுகளும் நீலமாகவே ஒளிரும், அப்புறம் எது எதன் ஒளி என்று பிரிக்க முடியாது.

விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டுப் பார்க்கும் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்தேன். குப்பி முழுக்க நீலம். ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டதும், அது இறங்கிய தடம் மட்டும் கறுத்து, மெல்லப் பரவி, நீலத்தையே தின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் கிணற்றுத் தண்ணீர். போத்தலைத் தளும்பத் தளும்ப நிரப்பி, மூடி, கொண்டுபோய்க் கலந்தால் ஒளி அசையவே இல்லை! அதே தண்ணீரில் இரும்பு நிறைய இருப்பதாக, உலோகத்தின் மொத்த அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் கருவி சொல்கிறது. சரி, டாட்தான் கெட்டுவிட்டது என்று மூன்று முறை புதிதாகச் செய்தேன். பதில் பாட்டியின் வாளியிலேயே இருந்தது. மண்ணுக்கடியில் காற்று படாத இரும்பு ஃபெரஸ் வடிவில் கரைந்திருக்கும், நிறமே தெரியாது. என் டாட் கண்டுகொள்வது இரும்பின் இன்னொரு வடிவமான ஃபெரிக்கை. காற்றுப் பட்டால் ஃபெரிக் ஆகும், ஆனால் உடனே துருவாகப் படிந்துவிடும், மேலே தெளிந்த நீரில் ஒன்றும் மிஞ்சாது. காலையில் சோதித்தாலும் தப்பு, மாலையில் சோதித்தாலும் தப்பு.

பிறகு கிணற்றடியிலேயே நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு இரும்பைக் கரைசலில் நிறுத்தினேன். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து முழுவதையும் ஃபெரிக்காக மாற்றி, மிச்சப் பெராக்சைடு போகக் கொதிக்க வைத்தேன். அமிலத்திலேயே டாட்டின் ஒளி குறையும், ஆகவே எவ்வளவு இரும்புக்கு ஒளி எவ்வளவு மங்கும் என்று காட்டும் ஒப்பீட்டுக் கோட்டையும் அதே அமிலத்தன்மையில் மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஃபெரிக் தானே புற ஊதாவைக் கொஞ்சம் விழுங்குவதால், மங்கியது அத்தனையும் டாட் அணைந்ததால் அல்ல. உறிஞ்சலையும் அளந்து கழித்துவிடுங்கள், ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

இப்போது டாட் காட்டும் அளவும் அணு உறிஞ்சல் கருவி காட்டும் அளவும் ஒத்துப்போகின்றன. குடிநீரில் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்பது வரம்பு, பாட்டியின் கிணறு அதைப் பல மடங்கு தாண்டுகிறது. மாமா ஒரு நீலப் பீப்பாயின் மேல் ஓட்டைக் குழாய் கட்டி, தண்ணீரை மழை மாதிரி விழவிட்டு, இரவு முழுக்கத் தெளியவைத்து, மணலில் வடிக்கிறார். போன வாரம் வடிந்த நீரில் ஒரு போத்தல் பிடித்து, அமிலம் விட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.