குறிஞ்சி சொன்ன ஆண்டு

கொடைக்கானலில் இன்று காலை முதல் மழை விடவில்லை என்பதால், அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவிலிருந்து கணினியில் ஏற்றி வைத்திருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு படத்தில், குறிஞ்சி பூத்து நீலமாகிவிட்ட சரிவின் முன்னால், அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலுக்குக் கண்களைச் சுருக்கியபடி நிற்கிறார்.

எந்த ஆண்டு என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

படத்தை ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்தேன். கேமராவின் மாடல், ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஃபிளாஷ் எரியாதது வரை அனைத்தும் பதிவாகியிருந்தன. எடுத்த நேரம் மட்டும் 2000 ஜனவரி 1, நள்ளிரவு 12.04.

நள்ளிரவில் வெயில்!

பேட்டரி தீர்ந்து கேமராவின் கடிகாரம் தொடக்கத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். எக்ஸிஃப் எனப்படும் இந்தக் குறிப்புகளோ அந்தக் கடிகாரம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்பவை.

குறிஞ்சி இங்கே 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தபோது அந்தக் கேமரா பழுதாகி பீரோவில் கிடந்தது. ஆகவே இது 2006.

தேதியை அதே இடத்தில் திருத்தலாம் என்றாலும் எனக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறிப்புகள் நீங்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக, அந்தப் பொய்த் தேதியோடேயே தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.