ரோஜாக்காரன் வரும் 40 விநாடி

“உனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பார்த்துச் சிரித்தாயா இல்லையா, அதை மட்டும் சொல்” என்று கேட்டார் எங்கள் மூத்த எழுத்தாளர். “சிரித்தேன்” என்றேன். அதோடு அவர் அமைதியானார். எனக்குத்தான் அமைதி போய்விட்டது.

தொண்ணூறுகளில் ஜெர்மன் தொலைக்காட்சிக்கு அவர் எழுதிய பகிடித் துண்டு அது. மதுச்சாலைக்குள் ரோஜா விற்கிறவன் வருவான். நடிகரின் முகத்தில் மண்ணிறச் சாயம், உடைந்த டொச் (ஜெர்மன் மொழி), ஓயாத தலையாட்டல். இணையத்தில் மறுபடி ஏற்றலாமா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. வெட்டிவிடலாம் என்றாள் குழுவின் இளையவள். முன்னால் எச்சரிக்கை வாசகம் போடலாம் என்றேன் நான். 2023இல் பகிடிக் கலைஞர் ஓட்டோ வால்கெஸின் எழுபதுகளின் நிகழ்ச்சிகளுக்கு வே.டே.ஆர். தொலைக்காட்சி அப்படித்தானே செய்தது.

அந்த வாசகம்தான் அவரைப் புண்படுத்தியது. பழைய பகிடிக் கலைஞர் லோரியோவின் காலத்தில் கணவனும் மனைவியும் முட்டை எத்தனை நிமிடம் வெந்தது என்று மரியாதை குறையாமல் சண்டை பிடிப்பார்கள். 1984இல் தனியார் தொலைக்காட்சி வந்தது. பிறகு 1993இல் ‘ஆர்.டி.எல். சம்ஸ்டாக் நாஹ்ட்’ என்ற பகிடி நிகழ்ச்சி, 1995இல் ஹரால்ட் ஷ்மிட்டின் இரவு நிகழ்ச்சி. தொடக்கூடாதது எதுவும் இல்லை என்றார்கள். அதை ஒரு விடுதலையாகவே அவர் நம்பினார். பாதி நானும் நம்புகிறேன். ஷ்மிட்டின் போலந்துக்காரரைப் பற்றிய பகிடிகளை இன்று கேட்டால் கூசுகிறது. ஆனாலும் அந்தத் துணிச்சலைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

சிரித்தது பொய் இல்லை. ஆனால் சனி இரவுகளில் அப்பா கொலோன் மதுச்சாலைகளில் ரோஜா விற்றுக்கொண்டிருப்பார். விற்காத பூக்கள் காலையில் குளியல் தொட்டியில் கிடக்கும். சிநேகிதன் வீட்டில் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று கவனித்தபடி.

இதைச் சொல்லியிருந்தால் அவரே அந்த இடத்தில் வெட்டச் சொல்லியிருப்பார். இரக்கப்பட்டு வெட்டுவது வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டேனோ என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது.

அப்புறம், 2001இல் காயா யானார் என்ற பகிடிக் கலைஞர் தொலைக்காட்சிக்கு வந்தார். துருக்கியிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. ரஞ்சித் என்ற இந்தியனாக அவர் இழுத்து இழுத்துப் பேசும்போது எங்கள் வீடே சிரித்தது, அப்பாவும்தான். அது ஏன் குத்தவில்லை? இளையவளிடம் கேட்டேன். அதையும் வெட்டவேண்டும் என்றாள், ஒரு நொடிகூடத் தயங்காமல். எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாசகத்தோடு துண்டு ஏறிவிட்டது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் அப்பா இருக்கும் ஹம் நகருக்குப் போனபோது என்ன வேலை நடக்கிறது என்று அப்பா கேட்டார். பழைய பகிடி நிகழ்ச்சிகள் பார்க்கிறேன் என்றேன்.

“ஆருடையது?”

“லோரியோ.”

“அந்த முட்டைக்காரரோ? நல்ல மனிசன்” என்றார்.