ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு கிளவுட் கேட்வே: இ.பி. ரசீது முதல் எம்.டி.யு. வரை

வெளியிலிருக்கும் கணினிகளை மறைகுறியாக்கிய டன்னல் (சுரங்கவழி) மூலம் அலுவலக வலையோடு இணைக்கும் மென்பொருளான வயர்கார்டை நிறுவுவது பற்றி இணையத்தில் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. கட்டளைகளை வரிசையாக அடித்தால் ஒரே மாலையில் கேட்வே (அந்த இணைப்புகள் வந்து சேரும் நுழைவாயில் கணினி) தயாராகிவிடும் என்று அவை சொல்வதும் பொய்யன்று. ஆனால் அந்த மாலைக்கு முன்னும் பின்னும் என்னை அலைக்கழித்தவற்றில் ஒன்றுகூட அந்தக் குறிப்புகளில் இல்லாததால், எரிச்சல் ஆறுவதற்குள் அவற்றை எழுதிவைக்கிறேன்.

நான் கணினிப் பொறுப்பில் இருப்பது கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். கணக்கு மென்பொருளான டாலி ஓடும் விண்டோஸ் சர்வர் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊழியர்களும் ஆர்ட்டிகிள் (சி.ஏ. பயிற்சி) மாணவர்களும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து அதில் வேலை செய்வார்கள். இதற்காக எனக்கு முன்பிருந்தவர்கள் ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஆம் போர்ட்டை ஊருக்கே திறந்து வைத்திருந்தார்கள். இணைய நிறுவனம் முன்னறிவிப்பின்றி எங்கள் இணைப்பை சி.ஜி.நாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும், வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாத முறைக்கு) மாற்றியதும் அந்த வழி ஒரே நாளில் அடைபட்டுப் போயிற்று. (உங்கள் ரௌட்டரின் வான் (வெளிப்பக்க இணைய) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் நிலையும் இதுதான். ரௌட்டரில் இப்படிப் போர்ட் திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கோடு மல்லுக்கட்டுவது வீண்.) மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத பொது முகவரி) வாங்கிவிடலாம் என்றுதான் ஆடிட்டர் முதலில் சொன்னார். சர்வரின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பழைய நாட்களைத் திறந்து, தோல்வியுற்ற உள்நுழைவுகளைக் குறிக்கும் 4625-ஆம் எண் பதிவுகளை மட்டும் வடிகட்டி அவரிடம் காட்டினேன். 'அட்மின்', 'டெஸ்ட்', 'யூசர்1' என்று யார் யாரோ விடிய விடியக் கதவைத் தட்டியிருந்தது பக்கம் பக்கமாக வந்தது. "இவங்கெல்லாம் யாருப்பா?" என்று கேட்டவர், அதன்பின் ஸ்டாட்டிக் ஐ.பி. பேச்சை எடுக்கவில்லை.

ஏற்பாடு எளிமையானது. மும்பைத் தரவு மையத்தில் ஒரு சிறிய லினக்ஸ் கணினி. அலுவலகத்தில் உள்ள ராஸ்ப்பெரி பை (கையடக்கச் சிறு கணினி) அதனோடு தானே வெளிநோக்கி இணைந்திருக்கும். ஊழியர்களின் மடிக்கணினிகளும் அதே மும்பை முகவரிக்குச் சென்று, அங்கிருந்து அலுவலகத்துக்குள் வரும். அலுவலகப் பக்கம் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் இருக்கும் பை-யில் மட்டும் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் (இணைப்பு அறுபடாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு பாக்கெட்) 25 வினாடி என்று கட்டாயம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்தாலே இடையிலுள்ள நாட் (முகவரி மாற்றும்) அட்டவணை இணைப்பை மறந்துவிடும்.

முதல் முட்டுக்கட்டை கணினியில் இல்லை, காகிதத்தில் இருந்தது. கிளவுட் நிறுவனத்தில் அலுவலகப் பெயரில் கணக்குத் தொடங்கி, அட்டையில் சோதனைத் தொகையும் பிடிக்கப்பட்ட பிறகு, 'சரிபார்ப்பு நிலுவையில்' என்று கணக்கை முடக்கி வைத்தார்கள். முகவரிச் சான்றாக நிறுவனத்தின் பெயரில் மின் கட்டண ரசீது வேண்டுமாம். வாடகைக் கட்டடத்தில் இயங்கும் அலுவலகத்துக்கு அதன் பெயரிலேயே இ.பி. கார்டு எங்கிருந்து வரும்? எங்கள் கட்டடத்தின் மின் இணைப்போ ஹவுஸ் ஓனரின் காலஞ்சென்ற தந்தையார் பெயரில் இன்றும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை அனுப்பினால், அது ரசீது அன்று என்ற பதில் வந்தது. இணையக் கட்டண ரசீதை அனுப்பினால், அதில் ஆடிட்டரின் தனிப்பெயர் இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, முன்பு நடந்த எதையும் படிக்காமல், அதே இ.பி. ரசீதையே பணிவோடு கேட்டார். கடைசியில் கைகொடுத்தது ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ். ஆர்.இ.ஜி.-06 படிவத்தில் நிறுவனத்தின் பெயரும் முதன்மை வணிக இடத்தின் முகவரியும் ஒரே பக்கத்தில் இருப்பதால் மறுத்துப் பேச அவர்களுக்கு வழியில்லை. கைப்பேசியில் எடுத்த படமாக இல்லாமல், ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய பி.டி.எஃப். கோப்பையே அனுப்புங்கள், கணக்கில் கொடுத்த பெயர் அதிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

கணக்கு உயிர் பெற்றதும் கணினியை உருவாக்கியது, நிலையான பொது முகவரி வாங்கியது, வயர்கார்டு நிறுவியது, மறைகுறியாக்கச் சாவிகளை உருவாக்கியது எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்தன. அடுத்து ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவிகளைச் சரிபார்த்து இணைவது) நடக்கவில்லை. வயர்கார்டின் இயல்பு தெரியாதவர்கள் இங்கேதான் நொந்துபோவார்கள்: சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) அது 'முடியாது' என்றுகூடப் பதில் சொல்லாது. போர்ட்டைத் துழாவுவோருக்கு அங்கே ஏதும் இருப்பதாகவே தெரியாமல் இருப்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் சொந்த வீட்டுக்காரனுக்கும் அதே மௌனம்தான். டெல்நெட் கொண்டு சோதிப்பதும் பயனில்லை, ஏனெனில் அது டி.சி.பி. வகைப் போர்ட்டைத்தான் சோதிக்கும், வயர்கார்டின் 51820 என்பதோ யு.டி.பி. வகைப் போர்ட். வந்து சேரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப்பைக் கேட்வேயில் ஓட விட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. பாக்கெட் அங்கே தென்படவே இல்லையென்றால் கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ஃபயர்வாலிலோ வழியிலோ தடை இருக்கிறது. தென்பட்டும் ஹேண்ட்ஷேக் இல்லையென்றால் கணினிக்குள்ளே இருக்கும் ஃபயர்வாலையும் சாவிகளையும் பாருங்கள். எனக்கு இரண்டாவது வகை. அந்த நிறுவனம் தரும் லினக்ஸ் படிமத்தில், எஸ்.எஸ்.எச். (நிர்வாகி தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) தவிர மற்ற எல்லாவற்றையும் மறுக்கும் ஐ.பி.டேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். பலகையில் திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருப்பதைப் பலகையில் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய தலைவலி அலுவலகத்தின் முகவரி வரிசை. உள்வலை 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எண்கள்) என்றிருந்தது, பாதி ஊழியர்களின் வீட்டு ரௌட்டரும் அதே வரிசையில்தான் இருந்தது. வீட்டிலிருந்து 192.168.1.10-ஐ அழைத்தால் மடிக்கணினி அதைத் தன் வீட்டிலேயே தேடும். டன்னல் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஒவ்வொருவர் வீட்டு ரௌட்டரையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் அலுவலகத்தையே 10.47.12.0/24-க்கு மாற்றினோம். சர்வரும் மேசைக் கணினிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே முடிந்துவிட்டன. பிரிண்டர்கள் சற்று அடம்பிடித்துப் பணிந்தன. வருகைப்பதிவு பயோமெட்ரிக் கருவிதான் படுத்தியது. அதன் மெனுவுக்குள் நுழைய நிர்வாகியின் கைரேகை வேண்டும். அந்தக் கைரேகைக்கு உரியவரோ வேலையை விட்டுப்போன பழைய மேலாளர். கருவியை விற்ற கடையில் "சர்வீஸ் ஆள் வருவார் சார்" என்ற ஒரே வாக்கியத்தை நாள்தோறும் சொன்னார்கள், ஆள் வரவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தால் பதிவுகள் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில், யு.எஸ்.பி. வழியாக அந்த மாத வருகைப்பதிவை இறக்கிக் கொடுக்கும்படி கேட்டும் பலனில்லை. இறுதியில் பழைய மேலாளரையே தொலைபேசியில் அழைத்தோம். சலித்துக்கொள்ளாமல் மாலையில் வந்து விரலை வைத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். இந்த விவகாரம் முழுவதிலும் முதல் முறையிலேயே நடந்த காரியம் அது ஒன்றுதான். முகவரி வரிசையை மாற்ற நினைப்பவர்கள், நிலையான ஐ.பி. வைத்திருக்கும் கருவிகள் எவை, அவற்றின் நிர்வாகி யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சர்வரின் பதில்கள் பை வழியாக மடிக்கணினிகளுக்குத் திரும்பும் வழியை அலுவலக ரௌட்டரில் குறிப்பிட ஸ்டாட்டிக் ரூட் ஒன்று போட வேண்டியிருந்தது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் அந்தப் பகுதி பூட்டப்பட்டிருந்தது, திறந்துதரவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே பை-யில் மாஸ்கரேட் (வருவோரின் முகவரியைப் பை-யின் முகவரியாக மாற்றுவது) செய்தோம். வேலை நடக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வரும் எல்லோரும் சர்வரின் பதிவில் பை-யின் ஒரே முகவரியாகத் தெரிகிறார்கள். யார் எப்போது வந்தார் என்பதை இப்போது மும்பைக் கணினியில்தான் பதிவு செய்கிறோம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆடிட்டர் அலுவலகம் அதைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது, தணிக்கைக்காக ஒரு கிளையண்ட்டின் ஆலையில் உட்கார்ந்திருந்த மாணவியால் மட்டும் இணைய முடியவில்லை. அவர்களது ஃபயர்வால் 51820-ஐ வெளியே விடவில்லை. கேட்வேயின் போர்ட்டை யு.டி.பி. 443-க்கு மாற்றியதில் சில இடங்களில் வழி கிடைத்தது, அந்த ஆலையில் கிடைக்கவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறச் சொன்னேன். ஹேண்ட்ஷேக் உடனே நடந்தது, பிங் போயிற்று, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது வழியில் காணாமல் போகிறது என்றால் எம்.டி.யு.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைச் சந்தேகிக்க வேண்டும். வயர்கார்டின் வழக்கமான அளவு 1420, அதன்மேல் ஐ.பி.வி4-ல் இன்னும் 60 பைட்டுகள் ஏறும். மொபைல் வலையின் கொள்ளளவு அதைவிடக் குறைவாக இருந்தது. துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங்கின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து அதை உறுதி செய்தபின், எல்லா மடிக்கணினிகளிலும் 1280 என்று வைத்துவிட்டேன். வேகத்தில் சற்றே இழப்பிருக்கலாம். டாலி திரைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

விண்டோஸில் டன்னலை இயக்க நிர்வாகி உரிமை வேண்டும். அதற்காக மாணவர்களுக்கு அட்மின் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் குழுவில் அவர்களைச் சேர்த்து, ரெஜிஸ்ட்ரியில் லிமிட்டெட் ஆபரேட்டர் யு.ஐ. மதிப்பை 1 ஆக்கினால் டன்னலை இயக்கவும் நிறுத்தவும் மட்டும் அவர்களால் முடியும். தனிச்சாவி அடங்கிய கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காமல், ஒவ்வொரு மடிக்கணினியிலேயே சாவியை உருவாக்கிப் பொதுச்சாவியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். வயர்கார்டுக்குப் பயனர் பெயரும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. கேட்வேயில் பார்த்தால் 44 எழுத்துகள் கொண்ட சாவிகளின் வரிசை மட்டுமே தெரியும். எந்தச் சாவி எவருடையது என்ற பட்டியல் இப்போது ஆடிட்டரின் லாக்கரில் ஒரு பிரதி, என்னிடம் ஒரு பிரதி என்று இருக்கிறது. பயிற்சிக் காலம் முடிந்து ஒரு மாணவர் சென்ற வாரம் விடைபெற்றபோது, அவருடைய வரியை அன்று மாலையே கேட்வேயிலிருந்து நீக்கினேன். பயோமெட்ரிக் கருவியில் இரண்டாவது நிர்வாகியாக என் விரலையும் பதிந்து வைத்திருக்கிறேன்.