கேசட்டின் அடுத்த பக்கம்

2018 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு முடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி வைத்த குழாயையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"பஸ் போயிராதா மக்களே?"

அவள் திரும்பவில்லை. "டீச்சர், தர்ட்டீன் ரீசன்ஸ் வை பாத்திருக்கியளா?"

"இல்லியே, என்னது அது?"

"ஒரு சீரியலு. செத்த பொறவுதான் அவ சொன்னத எல்லாரும் இருந்து கேக்காவ." அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு, ஆய்வகத்தைப் பூட்டி வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சனியும் ஞாயிறும் அக்கா மகனின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் முதல் சீசனின் 13 பகுதிகளையும் பார்த்தேன். 2017 மார்ச் 31 அன்று வெளியான அமெரிக்கத் தொடர். ஜே ஆஷர் 2007இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ஹன்னா என்ற பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதற்கு முன் தன் சாவுக்கு யார் யார் காரணம் என்று ஏழு கேசட்டுகளில் பேசிவைக்கிறாள். பக்கத்துக்கு ஒரு காரணம். அந்த ஆட்கள் ஒவ்வொருவராக அதைக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

நல்ல விஷயங்களும் அதில் உண்டு. ஒரு போட்டோ, ஒரு கிசுகிசு, வகுப்பில் சுற்றும் ஒரு பட்டியல் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி மூச்சுமுட்ட வைக்கிறது என்பதை உண்மையாகக் காட்டியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாப்புக்கும் அது பொருந்தும். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் வந்தது. இறந்துபோன பெண்தான் கதை முழுக்கப் பேசுகிறாள். அவளைக் கேலி செய்தவர்கள் அழுகிறார்கள், நடுங்குகிறார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதி செத்தபின் கிடைப்பதுபோல ஒரு கணக்கு அதில் இருக்கிறது. மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்ற பேச்சைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 17 வயதுப் பிள்ளை ராத்திரி போர்வைக்குள் தனியாக இதைப் பார்த்தால் அந்தக் கணக்கைத்தானே எடுத்துக்கொள்ளும்?

கடைசிப் பகுதியில் அவள் உயிரை விடும் காட்சியை விலாவாரியாகக் காட்டினார்கள். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். தற்கொலைச் செய்திகளில் முறையை விவரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. எடுத்தவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. பயங்கரத்தை அப்படியே காட்டினால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன நியாயம். வகுப்பறையில் 19 வருடம் நின்றவள் என்ற முறையில் அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் ஞாயிறு ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் காட்சி இல்லை. அதற்கு முன்னால் ஹன்னா, பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் போகிறாள். பாதி சொல்கிறாள், பாதி முழுங்குகிறாள். எழுந்து வெளியே வந்து, அவர் பின்னாலேயே வருவார் என்று கதவுக்கு வெளியே கொஞ்சம் நிற்கிறாள். அவர் வரவில்லை.

நானும்தானே போகவில்லை.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே கேட்டில் போய் நின்றேன். அவள் வந்தாள். உயிர் வந்தது எனக்கு. ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து நேராகவே கேட்டேன்: "மக்களே, சாகணும்னு ஒனக்குத் தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நேராகக் கேட்பதுதான் பிள்ளைகளுக்குப் பேச வழி திறக்கிறது என்று ஒரு ஆசிரியர் பயிற்சியில் மனநல மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிதான் அன்று கைகொடுத்தது.

ரொம்ப நேரம் மேசையில் இருந்த ஆசிட் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "தோணும் டீச்சர். ராத்திரியில" என்றாள். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அவளைப் பற்றி ஓடிய ஒரு ஸ்கிரீன்ஷாட், வளைகுடாவில் இருக்கும் அப்பாவிடம் சொல்ல முடியாதது, ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லாதது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. "அந்த கவுன்சிலர் மாதிரிதானே எல்லாரும் இருப்பாவன்னு நெனச்சேன்" என்றாள். அந்தத் தொடர்மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் இதுதான். பெரியவர்களிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்பதை அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில அந்த ஓ.பி.யில நம்மள யாராவது பாத்தா பைத்தியம்னு பேரு விழுந்துரும் டீச்சர். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா?" என்று அழுதார். மூன்று பேருமாகத்தான் போனோம். முதல் முறை டாக்டர் அவளிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை, கவுன்சிலிங் என்று ஏழெட்டு மாதம் ஓடியது. பொதுத்தேர்வை ஒழுங்காக எழுதினாள்.

2019 ஜூலையில், தொடர் வெளியாகி இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்தபின், ஹன்னா உயிரை விடும் அந்தக் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் வெட்டியது. தொடர் வெளியான அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குள் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியதாக அந்த வருடம் ஓர் ஆய்வு வந்திருந்தது. தொடர்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து மறுத்தவர்களும் உண்டு. நியூசிலாந்து மட்டும் 2017லேயே இதற்காகத் தனியாக ஒரு தணிக்கைச் சான்று வகையை உண்டாக்கியது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருந்தால்தான் பார்க்கலாம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைக்க முடியாது, கூட உட்காரத்தான் முடியும். இப்போதெல்லாம் ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் பிளஸ் டூ குரூப்பில் மனநல உதவிக்கான இரண்டு நம்பர் போடுகிறேன்: 14416 மத்திய அரசின் டெலி மானஸ், 104 தமிழக அரசு. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேசட் என்றால் எனக்கு அப்பாவின் குரல்தான். எண்பதுகளில் அவர் மஸ்கட்டில் இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் அவர் பேசியிருப்பார். மறுபக்கத்தில் நாங்கள் பேச வேண்டும். அம்மா, அக்கா, நான் என்று வரிசையாகப் பேசி, கடைசியில் ஆட்டுக்குட்டி கத்துவதையும் பதிந்து அனுப்புவோம். ஹன்னாவின் ஏழாவது கேசட்டிலும் ஒரு பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதில் என்ன பேசினாலும் கேட்க அவள் இல்லை.

அந்தப் பிள்ளை பிறகு நர்சிங் படிக்கப் போனாள். வாரத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் வரும். போன வாரமும் வந்தது, இரண்டரை நிமிடம். "ஹாஸ்டல்ல மீன்கறின்னு ஒண்ணு வைக்காவ டீச்சர், தேங்காயே இல்ல, புளித்தண்ணி மாதிரி..." என்று தொடங்கி, ஊசி போடக் கற்றது வரை மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை. இன்று சாளைக்கறி. தேங்காய் அரைத்து முடித்ததும் அடுக்களையில் நின்றே பேசி அனுப்ப வேண்டும்.