தாடி வைத்த பீட்டர் பார்க்கர்

ராத்திரி பதினோரு மணி. ஒரு ஸ்பைடர்மேன் காமிக்ஸின் ஒரே பக்கத்தில் நின்றுபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

கதாநாயகன் பீட்டர் பார்க்கருக்குத் தாடி. பக்கத்தில் மனைவி மேரி ஜேன். இரண்டு பிள்ளைகள்.

2007 கடைசியில் 'ஒன் மோர் டே' என்ற காமிக்ஸ் கதையைப் படித்துவிட்டு ஸ்பைடர்மேனை மூடி வைத்தவன் நான். பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் காமிக்ஸில் 1987இல் கல்யாணம் நடந்திருந்தது. அவனை வளர்த்த ஆன்ட் மேயின் உயிரைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு ஒரு பேரம், அவ்வளவுதான், அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்றாகிவிட்டது.

கோபம்கூட வரவில்லை. வெறிச்சென்று இருந்தது. அவனும் என்னோடு சேர்ந்து வயசாவான் என்று நம்பியிருந்தேன். அவனைத் திரும்பவும் தனிக்கட்டை ஆக்கிவிட்டார்கள்.

இப்போது கையில் இருப்பது 2024இல் ஜோனதன் ஹிக்மேன் எழுத, மார்கோ செக்கெட்டோ வரைந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதல் இதழ். இந்த உலகத்தில் ஸ்பைடர்மேன் ஆக்கும் சிலந்தி சின்ன வயசில் அவனைக் கடிக்கவே இல்லை. பழைய கதையில் செத்துப்போன அங்கிள் பென் இங்கே உயிரோடு இருக்கிறார். வேலை, வீடு, குடும்பம் எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரியே பீட்டர் நடமாடுகிறான்.

பிறகு அந்தச் சிலந்தி அவன் கைக்கு வருகிறது. கடி வாங்குவதா வேண்டாமா, முடிவு அவனுடையது.

1962இல் வந்த முதல் கதையில் அது விபத்து. பள்ளிக்கூடப் பையனுக்கு நேர்ந்தது. இங்கே, இழக்க நிறைய இருக்கிற ஒரு மனுஷன், தெரிந்தே கையை நீட்டுகிறான்.

எனக்கும் இப்போது அந்த வயசுதான். அந்தத் தாடியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இதழைத் திறந்துவிட்டேன்.